உப்பும் சர்க்கரையும் சேர்ந்தே செல்லும் வாயில்

வயிற்றுப்போக்கால் வாடி வருவோரின் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பதுண்டு: "நேற்றிலிருந்து தண்ணீர் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறோம், அப்படியும் ஏன் இவ்வளவு சோர்வு?" ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டைகளில் பணிபுரிந்து, விடுதிகளில் பலரோடு தங்கி, ஒரே சமையற்கூடத்தில் உண்போர் நிறைந்த பகுதி இது. ஒருவருக்குக் கண்ட பேதி ஓரிரு நாளில் அறை முழுவதும் பரவக்கூடும். ஆகவே இக்கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை கூற விரும்புகிறோம்.

நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் மெல்லிய சவ்வொன்று சூழ்ந்துள்ளது. இரண்டு அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன அதன் தடிமன் ஏறத்தாழ 7 அல்லது 8 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். ஆக்சிஜன் இச்சவ்வைத் தடையின்றிக் கடக்கும். உப்பிலுள்ள சோடியமும் சர்க்கரையிலுள்ள குளுக்கோசும் அவ்வாறு கடக்க இயலா; அவற்றுக்கெனப் புரதங்களாலான வாயில்கள் வேண்டும். தண்ணீரோ, கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்குச் செல்லும். உலர்ந்த திராட்சையை நீரிலிட்டு உப்பச் செய்த பள்ளிச் சோதனை நினைவிருக்கலாம். அதுவே சவ்வூடு பரவல். தண்ணீரைத் தனியே இழுக்கும் எந்திரம் குடலில் இல்லை. உப்பு உள்ளே சென்றால் தண்ணீர் பின்தொடரும்.

சிறுகுடலின் செல்களில் ஒரு விந்தையான வாயில் உண்டு. இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் ஒன்றாக வந்தால்தான் அது உள்ளே விடும். தொழிற்சாலை வாயிலில், பணியாளர் உடன்வந்தால் மட்டுமே விருந்தினரை அனுமதிப்பார்களே, அதுபோல. இதனை 1960இல் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க அறிஞர் எடுத்துரைத்தார். காலராவின் நச்சு, குடல் செல்களிலிருந்து உப்பையும் நீரையும் வெளியே கொட்டச் செய்கிறது. ஆயினும் இந்த வாயிலை அது கெடுப்பதில்லை. நோய் கடுமையாக இருக்கும்போதும் இவ்வழி திறந்தே இருக்கிறது.

1971ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்கத்து எல்லையிலுள்ள பன்காவ் ஊரின் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்புவழி ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ், உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். அதைப் புகட்டியவர்களுள் பெரும்பாலோர் நோயாளிகளின் உறவினர்களே என்பதை இங்கே அழுத்திக் கூற வேண்டும். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. 2022இல் மறைந்த அவருக்கு, மறு ஆண்டு பத்ம விபூஷண் அளிக்கப்பட்டது. மிகவும் தாமதமான சிறப்பு என்றே எண்ணுகிறோம்.

கடையில் வாங்கும்போது, உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என உறையில் அச்சிட்டுள்ளதா என்று பாருங்கள். குறிப்பிட்ட அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்துங்கள். பொட்டலம் கிடைக்காவிடில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டி அளந்த 6 தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்க்கலாம். சுவைக்காகச் சர்க்கரையைக் கூட்டாதீர்கள்; மிகுந்த சர்க்கரை தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியை வலுப்படுத்தும். குளிர்பானங்களை நாங்கள் தவிர்க்கச் சொல்வதும் இதனாலேயே. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள்.

சர்க்கரை நோயுள்ளவர்கள் இக்கரைசலுக்கு அஞ்ச வேண்டா. ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராமே உள்ளது. எனினும் இரத்தச் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். சிறுநீரகம் அல்லது இதயம் பழுதுற்று, நீரை அளந்து குடிப்போர் மருத்துவரைக் கேட்ட பிறகே அருந்த வேண்டும். கண்கள் குழிதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, மலத்தில் இரத்தம், குடித்ததெல்லாம் வாந்தியாதல், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் பணிநேரம் முடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள்.