யாழ்ப்பாணம் – கொழும்பு: எத்தனை கிலோமீற்றர், எத்தனை மணித்தியாலம்?

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு எவ்வளவு தூரம் என்று கேட்டால் ஒருவர் 300 கிலோமீற்றர் என்பார், மற்றவர் 400 என்பார். இரண்டும் ஏறத்தாழச் சரியே. முதலாமவர் சொல்வது பறவை பறக்கும் நேர்கோடு. மற்றவர் சொல்வது பஸ் ஓடும் வீதி. லொறிக் கூலி பேசும்போது இந்த வித்தியாசம் எமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய இலங்கைப் படமொன்றையும் ஒரு நூலையும் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் மூலையில் அளவுத்திட்டம் இருக்கும். ஒரு சென்ரிமீற்றருக்கு 10 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். இரு நகரங்களுக்குமிடையே நூலை இழுத்துப் பிடித்தால் 30 சென்ரிமீற்றர் வரும். அதே நூலை ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா, தம்புள்ளை, குருநாகல் என்று வீதி வளையும் இடமெல்லாம் வளைத்து வைத்தால் 40 வரை போகும். கடல்நீரேரி குறுக்கே கிடப்பதால், ஏ-9 வீதி முதலில் தென்கிழக்கே ஆனையிறவைத் தேடிப் போகிறது. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் பூநகரி வழியும் உண்டு.

இனி நேரம். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வரும். நிறுத்தங்களையும் சேர்த்து பஸ் மணிக்குச் சராசரி 40 கிலோமீற்றர் ஓடினால் 10 மணித்தியாலம். இரத்மலானையிலிருந்து பலாலிக்கு ஆகாயவழி சுமார் 330 கிலோமீற்றர். மணிக்கு 300 கிலோமீற்றர் பறக்கும் சிறு விமானத்துக்கு ஒரு மணித்தியாலமும் சில நிமிடமும் போதும். ஆனால் வீட்டிலிருந்து விமான நிலையம் போவது, பொதிச் சோதனை, காத்திருப்பு, இறங்கியபின் நகருக்கு வருவது எல்லாவற்றையும் கூட்டினால் நான்கு மணித்தியாலம் ஆகிவிடும்.

அந்தப் பலாலியைச் சூழவுள்ள செம்மண் தோட்டங்களிலிருந்துதான் வலிகாமம் வடக்குக் குடும்பங்கள் 1990 இல் வெளியேறின. கொழும்பிலிருந்து ஒரு மணித்தியாலத்தில் வந்திறங்கக்கூடிய இடத்துக்கு, சில மைல் தள்ளி முகாமில் இருந்த காணிக்காரர் இருபது வருடத்துக்கு மேலாகியும் போக முடியவில்லை. இதற்கு எந்த வாய்பாட்டிலும் விடை இல்லை.

வீதியின் கதையும் அப்படித்தான். 1990 இல் யாழ்தேவி நின்றது. 2014 இல்தான் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. தொண்ணூறுகளில் கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்தவர்களும், பின்னர் திருகோணமலையில் கப்பலுக்காக நாட்கணக்கில் காத்திருந்தவர்களும் எம்மிடையே உள்ளனர். ஏ-9 வீதி 2002 ஏப்ரலில் திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டு, 2009 இன் பின்னரே மக்களுக்கு வழிவிட்டது. நூல் ஒரு சென்ரிமீற்றரும் நீளவில்லை. பிரயாணமோ மணித்தியாலக் கணக்கிலிருந்து நாட்கணக்காயிற்று.

மரக்கறி செய்வோருக்குக் கொழும்பைவிடத் தம்புள்ளைக் கணக்கே முக்கியம். யாழ்ப்பாணத்திலிருந்து தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் ஏறத்தாழ 250 கிலோமீற்றர். லொறியும் 40 கிலோமீற்றர் வேகத்தில் போனால் ஆறேகால் மணித்தியாலம். தக்காளிப் பெட்டிகள் ஏற்ற இரண்டு மணித்தியாலம் என்று வைப்போம். அதிகாலை 4 மணிக்குச் சந்தையில் நிற்க வேண்டுமானால், முதல்நாள் இரவு 9.45 க்கு லொறி புறப்பட வேண்டும், 7.45 க்கு ஏற்றத் தொடங்க வேண்டும். பகல் வெயிலில் ஏற்றி இரவு நடுவழியில் நிறுத்திவைக்கும் லொறியில் காய் வெதும்பிவிடும். விலை பேசும்போது அந்த நட்டம் எமது தலையில்தான் விழும்.

கிளிநொச்சியிலிருந்து ஏற்றுவோருக்கு 65 கிலோமீற்றர் குறைவு. அவர்கள் 9.20 க்கு ஏற்றத் தொடங்கினாலும் போதும். கூலியையும் 250 இற்கல்ல, 185 கிலோமீற்றருக்கே பேசுங்கள்.