வாகனக் கணனியும் அதன் நினைவுச் சிப்பும்

எல்கடுவவிலிருந்து வத்தேகமவுக்கோ மாத்தளைக்கோ மரக்கறி ஏற்றிச் செல்லும் வான் நின்றுவிட்டால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். காணியை விட்டு வந்த குடும்பத்துக்கு அந்த வானே பிழைப்பு. 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் தொடங்கியது. அதுவரை பழைய வண்டிகளைத் திருத்தியே ஓட்ட வேண்டியிருந்தது. எனவே, கராஜ் வேலை பழகும் நமது பிள்ளைகளும் வண்டிச் சொந்தக்காரர்களும் இப்பாடத்தை அறிந்திருப்பது நல்லது.

சிப்பில் என்ன இருக்கிறது?

எரிபொருளின் அளவையும் தீப்பொறியின் நேரத்தையும் தீர்மானிப்பது என்ஜினின் கட்டுப்பாட்டுப் பெட்டி. அது ஒரு சிறு கணனி. பல வண்டிகளில் இப்பெட்டியிலோ திருட்டுத் தடுப்புப் பெட்டியிலோ எட்டுக் கால் கொண்ட சிறு சிப் ஒன்று உண்டு. 93சி56, 93சி66, 24சி02 என்பன வழக்கமான இலக்கங்கள். பற்றரியைக் கழற்றினாலும் இது மறக்காது. திறப்பின் இரகசிய எண் பல வண்டிகளில் இதில்தான் இருக்கிறது.

மழைநீர் புகுந்து பெட்டி பழுதானால், கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பெட்டி ஒன்றை வாங்கிப் பூட்டுகிறோம். வண்டி கிளம்பாது. ஏன்? அந்தப் பெட்டி வேறு வண்டியின் திறப்பையே அறியும். பாக இலக்கம் ஒன்றாக இருந்தால், நமது பழைய சிப்பின் தரவைப் புதிய பெட்டிக்கு மாற்றிப் பல வண்டிகளை ஓட வைக்கலாம். அதற்கான கருவியே புரோகிராமர்.

செய்யும் முறை

1. பற்றரியைக் கழற்றியபின் பெட்டியை எடுங்கள். ஈரத்தை முழுதாக உலர்த்துங்கள். சிப்பின் இலக்கத்தையும் முதலாம் காலின் அடையாளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. சிப்புக்கு 5 வோல்ட்டா 3.3 வோல்ட்டா என்று பாருங்கள். சிஎச்341ஏ என்னும் மலிவான கருவியின் பல பலகைகளில் தரவுக் கால்களுக்கு 5 வோல்ட் போகும். அது 24, 25 வரிசைச் சிப்புகளுக்கு உரியது. 93 வரிசைக்கு டிஎல்866 போன்ற கருவி வேண்டும்.

3. மூன்று முறை வாசித்து ஒப்பிடுங்கள். வாசிப்புகள் வேறுபட்டாலோ, எல்லாம் எப்எப் என்றோ 00 என்றோ வந்தாலோ கிளிப் சரியாகத் தொடவில்லை, அல்லது பலகையின் மற்ற உறுப்புகள் குறுக்கிடுகின்றன. அப்போது சிப்பைக் கழற்றி வாசிக்க வேண்டும்.

4. 93 வரிசையை 8 பிட்டாகவோ 16 பிட்டாகவோ வாசிக்கலாம். எப்படி வாசித்தீர்களோ அப்படியே எழுதுங்கள்.

5. மூலத் தரவை வண்டி இலக்கத்துடனும் திகதியுடனும் இரண்டு இடங்களில் சேமியுங்கள். புதிய பெட்டியின் சொந்தத் தரவையும் அப்படியே சேமியுங்கள். அதன்பிறகே எழுதுங்கள். எழுதியதை மறுபடி வாசித்துச் சரிபாருங்கள்.

ஐந்தாம் படிதான் பாடத்தின் உயிர். காணி உறுதியைத் தொலைத்தவர்களுக்கு அதன் பிரதியின் பெறுமதி தெரியும். மூலத் தரவு கையில் இருந்தால், பிழையாக எழுதினாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். அது இல்லாவிட்டால் சிறு பழுதே பெருஞ் செலவாகிவிடும். ஆகவே கராஜில் வண்டியை ஒப்படைக்கும்போது, “முதலில் பிரதி எடுத்து எனக்கும் ஒன்று தாருங்கள்” என்று கேளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

காற்றுப்பைப் பெட்டியையும் பிரேக் பெட்டியையும் பழகுநர் தொடக்கூடாது. அங்கே பிழை உயிரையே வாங்கலாம்.

இதே கருவியால் ஓடிய கிலோமீற்றரைக் குறைத்துக் காட்டுபவர்களும் உண்டு. அது ஏழை ஒருவரின் பணத்தைத் திருடுவதாகும். பழைய வண்டி வாங்கும்போது மீற்றரை மட்டும் நம்பாமல், பெடல், இருக்கை, ஸ்டியரிங் ஆகியவற்றின் தேய்மானத்தையும் பாருங்கள். பதிவுப் புத்தகம் காட்டாதவரின் வண்டியில் திறப்பு வேலை செய்யாதீர்கள்.

குழுவாகச் சிந்திக்க

1. பழைய பெட்டியைப் பூட்டியதும் வண்டி கிளம்பாதது ஏன்?
2. ஒரு முறை மட்டும் வாசித்தால் போதாதது ஏன்?
3. உங்கள் வண்டியின் தரவுப் பிரதியை யாரிடம், எங்கே வைப்பீர்கள்?