எடை குறைந்த கார் வளைவில் ஏன் முந்துகிறது?

மையநோக்கு விசையைப் பற்றிய பாடம் நடக்கும்போதெல்லாம் வகுப்பில் ஒருவராவது எழுந்து இந்தக் கேள்வியைக் கேட்பதுண்டு: "சார், சமன்பாட்டில் நிறை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறதே! அப்படியானால் பந்தயக் காரை எதற்காக எடை குறைத்துச் செய்கிறார்கள்?"

நல்ல கேள்வி. முதலில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சமதளச் சாலையில் ஒரு கார் வளைவில் திரும்ப வேண்டிய மையநோக்கு விசையைத் தருவது டயருக்கும் சாலைக்கும் இடையேயுள்ள உராய்வு. அதன் பெரும மதிப்பு, உராய்வுக் குணகம் × நிறை × புவியீர்ப்பு முடுக்கம். தேவைப்படும் விசையோ நிறை × வேகத்தின் வர்க்கம் ÷ ஆரம். இரண்டையும் சமன் செய்தால் நிறை மறைந்து விடுகிறது. குணகம் 1, வளைவின் ஆரம் 40 மீட்டர் என்று கொண்டால், வேகத்தின் வர்க்கம் 392. வேகம் விநாடிக்கு 19.8 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 71 கிலோமீட்டர். கார் 700 கிலோவோ 1,600 கிலோவோ, விடை ஒன்றுதான்.

ஆனால் ஓடுதளத்தில் நடப்பது வேறு. அதை ஓர் உண்மையான காரை வைத்தே பார்க்கலாம்.

இங்கிலாந்தில் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மன் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பொறியியல் பயின்றவர். காரின் எந்த உறுப்பையும் 'இதன் எடையைக் குறைக்க முடியுமா?' என்ற கண்ணோடுதான் அவர் பார்த்தார். 1957இல் வெளிவந்த 'லோட்டஸ் செவன்' குழாய்ச் சட்டத்தின் மேல் தகடு போர்த்திய ஒரு சிறு வண்டி. அதன் உரிமை 1973இல் கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போயிற்று. அவ்வடிவம் இன்றும் தயாராகிறது. சாப்மன் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1996இல் லோட்டஸ் 'எலீஸ்' வந்தது. அலுமினியச் சட்டங்களைப் பற்றவைக்காமல் எப்பாக்சிப் பசையால் ஒட்டிச் செய்த அதன் அடிச்சட்டம் சுமார் 68 கிலோதான். முழுக் காரும் ஏறத்தாழ 725 கிலோ. 1.8 லிட்டர் எஞ்சின், 118 குதிரைத்திறன்.

இத்தகைய கார் வைத்திருப்போர் குறிப்பிட்ட நாட்களில் கட்டணம் செலுத்திப் பந்தயத் தளத்தில் தங்கள் காரையே ஓட்டிப் பார்ப்பார்கள். போட்டியில்லை, பரிசுமில்லை. இதைத் 'தள நாள்' எனலாம். நம் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் இருப்பதும் பந்தயத் தளமே. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். சாலையில் ஒரு மாதத்தில் காருக்கு நேரும் சோதனை, தளத்தில் இருபது நிமிடத்தில் நேர்ந்து விடும்.

இனி, மறைந்துபோன நிறைக்கு வருவோம். 'உராய்வுக் குணகம் செங்குத்து விசையைப் பொறுத்ததல்ல' என்று படித்திருக்கிறீர்கள். மரக்கட்டைக்கு அது போதும். டயர் ரப்பருக்குப் போதாது. சுமை கூடக் கூட, ரப்பர் சாலையைப் பற்றும் பரப்பு அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஆகவே குணகம் மெல்லக் குறைகிறது. புரிந்துகொள்வதற்காக எண்களைக் கற்பனை செய்து கொள்வோம். ஒரு டயரின் மேல் 1,000 நியூட்டன் இருந்தால் குணகம் 1.15, 2,000 என்றால் 1.10, 3,000 என்றால் 1.05, 4,000 என்றால் 1.00. அப்படியானால் சக்கரத்துக்கு 2,000 நியூட்டன் சுமையுள்ள கார் நமது வளைவில் மணிக்கு 75 கிலோமீட்டரில் செல்லும். 4,000 சுமையுள்ள கார் 71இல்தான் செல்லும். நான்கு கிலோமீட்டர் அற்பமாகத் தோன்றலாம். ஒரு சுற்றில் பத்து வளைவுகள் வந்தால் அற்பமில்லை.

இதே எண்கள் இன்னொன்றையும் சொல்கின்றன. கார் திரும்பும்போது உள்பக்கச் சக்கரத்தின் சுமை குறைந்து வெளிப்பக்கச் சக்கரத்தின் சுமை கூடுகிறது. பேருந்து திரும்பும்போது நீங்கள் ஒரு பக்கமாகச் சாய்வதை நினைத்துக் கொள்ளுங்கள். 2,000, 2,000 என்றிருந்தது 1,000, 3,000 என்று ஆனால், மொத்தச் சுமை மாறவில்லை. ஆனால் பிடிப்பு? முன்பு 4,400 நியூட்டன்; இப்போது 1,150 + 3,150 = 4,300. நூறு நியூட்டன் காணாமல் போயிற்று! இவ்வாறு இடம் மாறும் சுமை, ஈர்ப்பு மையத்தின் உயரத்துக்கு நேர்விகிதத்திலும், இரு சக்கரங்களுக்கு இடையேயுள்ள அகலத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். விளையாட்டுக் கார் தரையோடு ஒட்டிப் படுத்திருப்பது அழகுக்காக அல்ல.

வேகத்தை விட, நிறுத்துவதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். ஓட்டுநரோடு 800 கிலோ உள்ள எலீஸ் மணிக்கு 160 கிலோமீட்டரிலிருந்து 80க்கு வேகம் குறைகிறது என்று கொள்வோம். இழக்கும் இயக்க ஆற்றல் ½ × 800 × (44.4² − 22.2²), அதாவது சுமார் 5,90,000 ஜூல். இரண்டு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் இது. அவ்வளவும் சில விநாடிகளில் பிரேக் வட்டுகளில் இறங்குகிறது. பிரேக் போடும்போது சுமை முன்பக்கம் சாய்வதால், பத்தில் ஏழு பங்கு முன் வட்டுகளுக்குப் போவதாகக் கொள்வோம். வட்டு ஒவ்வொன்றும் 5 கிலோ இரும்பு, அதன் தன்வெப்பம் கிலோவுக்கு 460 ஜூல் என்றால், ஒரே பிரேக்கில் வெப்பநிலை 90 டிகிரி உயரும். ஆறுவதற்குள் அடுத்த வளைவு, மறுபடியும் 90. இதே வட்டுகளை 1,600 கிலோ காரில் மாட்டினால் ஒவ்வொரு முறையும் 180 டிகிரி!

இந்த வெப்பம் பிரேக் பேடு வழியாகப் பிரேக் ஆயிலைச் சென்றடைகிறது. ஆபத்து இங்கேதான் பதுங்கியிருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. 'டாட் 4' எனும் தரமுள்ள புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்த நிலையில் அத்தரம் வற்புறுத்துவது 155 டிகிரிதான். சாலையில் இரண்டாண்டு ஒழுங்காக வேலை செய்த ஆயில், தளத்தில் ஐந்தாவது சுற்றில் கொதித்துவிடக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழிகள் தோன்றும். திரவத்தை அமுக்க முடியாது என்ற நம்பிக்கையின் மேல்தான் பிரேக் அமைப்பே நிற்கிறது. பாஸ்கல் விதியை நினைத்துப் பாருங்கள். ஆவியை அமுக்கலாம். ஓட்டுநர் மிதிக்கிறார், மிதிகட்டை தரைவரை இறங்குகிறது, காரோ நிற்கவில்லை, எதிரே வளைவு.

எனவே எஞ்சினைத் தொடுவதற்கு முன் பிரேக் ஆயிலை மாற்றுவதே அறிவுடைமை. செலவும் மிகக் குறைவு. அடுத்து, அதிக வெப்பம் தாங்கும் பேடுகள். ஓடி முடித்ததும் ஒரு சுற்று மெதுவாகச் சென்று வட்டுகளை ஆறவிட வேண்டும். நிறுத்திய பின் கைப்பிரேக்கை இழுக்கக் கூடாது. சூடான வட்டில் பேடு அழுந்திய இடம் மட்டும் வேறுவிதமாக ஆறும்.

டயர்க் காற்றிலும் ஒரு பாடம் உண்டு. காலையில் 15 டிகிரியில் 26 பவுண்டு அடித்திருக்கிறோம். ஓடிச் சூடேறி 70 டிகிரி ஆனால் அழுத்தம் என்ன? சென்டிகிரேடு எண்களை அப்படியே வகுத்தால் 121 பவுண்டு வரும். டயர் வெடித்தே போகும்! (தேர்வில் இப்படி எழுதுவோர் இன்றும் உண்டு.) வெப்பநிலையைத் தனி அளவில் 288, 343 என்று கொள்ள வேண்டும். அது மட்டும் போதாது. அளவி காட்டுவது வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தத்தையே, ஆகையால் 14.7ஐக் கூட்டி 40.7 என்று எடுத்து, 343/288ஆல் பெருக்கி, மீண்டும் 14.7ஐக் கழித்தால் 33.8 பவுண்டு. ஏறக்குறைய 8 பவுண்டு உயர்வு. டயர் நடுவில் புடைத்து, சாலையைத் தொடும் பரப்பு குறைந்துவிடும். அதனால்தான் பழகியவர்கள் முதல் ஓட்டம் முடிந்து வந்தவுடனே, டயர் சூடாக இருக்கும்போதே அளந்து, கொஞ்சம் காற்றை இறக்கி விடுகிறார்கள். அன்று மாலை வீடு திரும்புமுன் மறக்காமல் மீண்டும் அடித்துக் கொள்ள வேண்டும்.

எஞ்சின் ஆயிலையும் மேல் கோடு வரை நிரப்பி வைப்பார்கள். ஒரு தம்ளர் தண்ணீரைப் பேருந்தில் பிடித்துக்கொண்டு போனால் திருப்பத்தில் நீர்மட்டம் சாயும் அல்லவா? சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட், பக்கவாட்டு முடுக்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்த எண். நம் காரில் இரண்டும் ஏறக்குறையச் சமம். எனவே சம்ப்பிலுள்ள ஆயில் 45 டிகிரி சாய்ந்து நிற்கும். பம்பின் வாய் அந்நேரம் காற்றை உறிஞ்சினால், பேரிங்குகள் ஆயிலின்றி உராயும். சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பது இதற்காகத்தான்.

எஞ்சின் திறனைக் கூட்டுவது? அது கடைசியில். வேகமாகச் செல்லும்போது காற்றுத்தடையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் கனத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும். ஆகவே திறனை நூற்றுக்கு 20 பங்கு கூட்டினாலும் 200 கிலோமீட்டர் செல்லும் கார் 212ஐத்தான் எட்டும். மாறாக, கனமான இருக்கையையும் பாட்டரியையும் இலேசானவையாக மாற்றி 40 கிலோ குறைத்தால், புறப்படும் முடுக்கத்தில் 6 குதிரைத்திறன் கூட்டியதற்குச் சமமான பயன். கூடவே வளைவிலும் பிரேக்கிலும் டயர்த் தேய்மானத்திலும் இலாபம். ஆனால் இருக்கை வார்களையும், கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளையத்தையும் கழற்றி எடை குறைக்க நினைப்பவர் ஓட்டவே வேண்டாம்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. முதலில் வந்த எலீஸ் கார்களில் பிரேக் வட்டுகளை இரும்பால் செய்யாமல், பீங்கான் துகள் கலந்த அலுமினியத்தால் செய்திருந்தனர். பின்னர் இரும்புக்கு மாறினர். அலுமினியத்தின் தன்வெப்பம் கிலோவுக்கு 900 ஜூல், அடர்த்தி 2.7; வார்ப்பிரும்பின் அடர்த்தி 7.2. ஒரே எடையுள்ள இரு வட்டுகளில் எது குறைவாகச் சூடேறும்? ஒரே பருமனுள்ள இரு வட்டுகளில் எது? அலுமினியம் 660 டிகிரியில் உருகும் என்பதையும் நினைவில் வைத்துப் போட்டுப் பாருங்கள்.