மூன்றாண்டு கழித்து மணக்கும் கிழங்கு

குரோவேஷியா நாட்டின் கடலோரப் பகுதிக்கு டால்மேஷியா என்று பெயர். அங்கே வெயில் காயும் சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளில் ஐரிஸ் பாலிடா என்னும் செடி வளர்கிறது. இலத்தீன் மொழியில் 'பாலிடா' என்றால் வெளிறியது என்று பொருள். இதன் பூ வெளிர் ஊதா நிறம். 1789-இல் பிரெஞ்சு அறிஞர் லாமார்க் இப்பெயரை இட்டார். மொட்டு விரியும் முன்பே அதை மூடியுள்ள செதில்கள் வெள்ளித் தாள்போல் உலர்ந்துவிடும். இச்செடியை அடையாளம் காண இதுவே எளிய வழி. குங்குமப்பூவும் இதே இரிடேசி குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

பூவின் அமைப்பைச் சற்று உற்று நோக்குவோம். ஆறு பூவிதழ்களில் மூன்று நிமிர்ந்து நிற்கும். மூன்று கீழ்நோக்கி வளைந்திருக்கும். வளைந்த இதழின்மேல் தாடி போன்ற மயிர் வரிசை உண்டு. வண்டு வந்து இறங்கும் மேடை அது. அதற்கு மேலே, இதழ்போல் அகன்ற சூல்தண்டின் கிளை கூரையாகக் கவிந்திருக்கும். கூரையின் முனையில் ஒரு சிறு மடல். அதன் ஒரு பக்கம்தான் சூல்முடி. வண்டு நுழையும்போது அதன் முதுகில் ஒட்டியுள்ள வேற்றுப் பூவின் மகரந்தம் மடலில் வழித்தெடுக்கப்படும். உள்ளே போனபின் மகரந்தப்பை முதுகில் உராயும். திரும்பி வெளிவருகையில் வண்டு மடலை மேலே தள்ளி மூடிவிடுவதால், அந்த மகரந்தம் அதே சூல்முடியில் படுவதில்லை. எத்தனை எளிய கதவு, பாருங்கள்!

ஆனால் மனிதர் இச்செடியை வளர்ப்பது பூவுக்காக மட்டும் அன்று. இஞ்சியைப் போல இதற்கும் மட்டநிலத்தண்டு உண்டு. இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் சுமார் மூன்றாண்டு வளர்ந்த செடியைத் தோண்டி, கிழங்கைத் தோல் சீவிக் காயவைப்பார்கள். அப்போது அதில் வாசனை கிடையாது. மேலும் மூன்று ஆண்டுகளேனும் கிடங்கில் கிடந்த பின்னரே வயலெட் பூவின் மணம் வீசத் தொடங்கும். ஏன்?

பச்சைக் கிழங்கில் இரிடால் எனப்படும் பெரிய மூலக்கூறுகள் உள்ளன. மணம் தரும் ஐரோனுக்கு மூலமானவற்றில் 31 கார்பன் அணுக்கள் வரை உண்டு. இவ்வளவு பெரிய மூலக்கூறு எளிதில் ஆவியாகாது. ஆவியாகாத பொருள் மூக்கை எட்டுவது எப்படி? காற்றிலுள்ள ஆக்சிஜன் மெல்ல மெல்ல இதைச் சிதைக்க, 14 கார்பன் அணுக்கள் கொண்ட ஐரோன் உண்டாகிறது. இது ஆவியாகும், மணக்கும். காய்ந்த கிழங்கை நீராவியால் வடித்தால், வெண்ணெய்போல் உறையும் பொருள் டன்னுக்கு இரண்டு கிலோ அளவே கிடைக்கும். அதிலும் பெரும்பகுதி மணமற்ற மிரிஸ்டிக் அமிலம்.

இத்தனை அரிய பொருளைச் செயற்கையாகச் செய்ய விரும்பாதவர் யார்? ஜெர்மனியில் டீமன், க்ரூகர் இருவரும் ஆராய்ந்து, ஐரோனில் 13 கார்பன், 20 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன என்று கணித்தனர். சிட்ராலில் 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். அசிட்டோனில் 3, 6, 1. இரண்டையும் சேர்த்து ஒரு நீர் மூலக்கூறை நீக்கினால் 13, 20, 1! நீங்களும் கூட்டிப் பாருங்கள். கிடைத்ததை அமிலத்தால் வளையமாக்கினர். 1893-இல் அவர்கள் அறிவித்த இப்பொருளே அயோனோன். வயலெட் மணம் கமகமத்தது.

ஆனால் அது ஐரோன் அன்று! ஐரோனில் 14 கார்பன், 22 ஹைட்ரஜன் அணுக்கள் உண்டு என்பதைப் பின்னர் நிறுவியவர் லியோபோல்ட் ருசிச்கா. 1939-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற இவர் பிறந்ததும் குரோவேஷியாவில்தான். ஐரோனின் முழு அமைப்பு 1947-இல் தெளிவாயிற்று. வேடிக்கை என்னவென்றால், கணக்குத் தவறிப் பிறந்த அயோனோன் உண்மையான வயலெட் பூவிலேயே இருப்பது பிற்காலத்தில் தெரியவந்தது.

அயோனோன் செய்யத் தேவையான சிட்ரால், நம் கேரளத்தில் வடிக்கப்படும் எலுமிச்சைப்புல் எண்ணெயில் மிகுதியாக உள்ளது. அயோனோனின் ஒரு வகையான பீட்டா அயோனோனிலிருந்துதான் ஆலைகளில் வைட்டமின் ஏ தயாரிக்கும் முறைகள் உருவாயின.