வானிலை அலுவலர் கற்கவேண்டிய கடற்கரைப் பாடம்

2017ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் இலங்கைக்குத் தென்கிழக்கே உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், அந்நாட்டைக் கடந்து குமரிக் கடலுள் புகுந்து, மறுநாள் காலையிலேயே ஒக்கிப் புயலாக வலுப்பெற்றது. தூத்தூர் வட்டாரத்து விசைப்படகுகள் பல, அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே ஆழ்கடல் சென்றுவிட்டன. கரையிலிருந்து பேசும் கம்பியில்லாக் கருவியின் எல்லைக்கு அப்பால் அவை இருந்தன. அவற்றிற் சென்றோருள் பலர் திரும்பவேயில்லை.

இந்நிகழ்ச்சியிலிருந்து வானிலை அலுவலர் கற்கவேண்டியது யாது? காற்றின் வேகம் மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை இருப்பின் தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62ஐ எட்டினாலன்றி அது புயலெனப்படுவதில்லை, பெயரும் சூட்டப்படுவதில்லை. ஆனால் வள்ளத்தைக் கவிழ்க்க 55 கிலோமீட்டர்க் காற்றே போதும். ‘புயல்’ என்னும் சொல் காணாத அறிவிப்பைக் கேட்பவர், கடல் அமைதியாயுள்ளது எனக் கொள்ளுதல் இயல்பே. அளவுகோல் அலுவலகத்திற்கு உரியது. அலை அதனை அறியாது.

புனேயிலுள்ள வானிலைத் துறையின் பயிற்சி நிலையத்திலும், ஐதராபாத்திலுள்ள கடலியல் பயிற்சி மையத்திலும் பணியிலிருப்போர்க்கு வகுப்புகள் நடைபெறுகின்றன. செயற்கைக்கோள் படம், ராடார், கணிப்பொறிக் கணக்கு ஆகியன ஆண்டுதோறும் மாறுகின்றமையால், பட்டம் பெற்றவரும் மீண்டும் மாணாக்கராதல் இன்றியமையாதது. செய்தியைப் பயன்படுத்துவோர்க்கு விளங்க உரைத்தலையும் முன்னறிவிப்போரின் தகுதிகளுள் ஒன்றாக உலக வானிலை அமைப்பு வைத்துள்ளது. அப்பாடத்திற்குக் குளச்சலையும் சின்னமுட்டத்தையும் விடச் சிறந்த வகுப்பறை நாம் அறியோம்.

அங்கு மேல்காற்று ‘கச்சான்’, கீழ்காற்று ‘கொண்டல்’, வடகாற்று ‘வாடை’. கரையோரக் கட்டுமரத்தார் ஆழத்தைப் பாகத்தால் அளப்பர். ஆழ்கடற் படகோட்டியோ அட்சரேகை, தீர்க்கரேகைகளைத் தம் கருவியில் நொடியிற் படித்துவிடுவார்; அவருக்கு அவற்றை விளக்கப் புகுவது வீண். ஆகவே ஒரே அறிவிப்பு இருவருக்கும் போதாது. 2019இல் வெளிவந்த ‘ஜெமினி’ என்னும் கருவி, செயற்கைக்கோள் வழியே ஆழ்கடலுக்கும் செய்தியைச் சேர்க்கவல்லது. எனினும் அதில் அனுப்பும் வாசகத்தை எழுதுபவர் அலுவலரே.

பயிற்சி பெறும் ஒவ்வோர் அலுவலரும் சில நாட்களேனும் இக்கரையில் தங்கவேண்டும் என்பது நம் கருத்து. தாம் எழுதிய அறிவிப்பை ஒரு மீனவர்க்குப் படித்துக் காட்டி, ‘நாளை விடியலில் என்ன செய்வீர்?’ என்று கேட்கட்டும். ‘கடலுக்குத்தான்’ என்று விடை வருமாயின், அத்தாளை அங்கேயே திருத்தி எழுதிப் பிறிதொரு மீனவரிடம் மீண்டும் படித்துக் காட்டலாம்.