போக்கர் டேபிளில் பதினொன்றரைக்கு எழுந்துவிடுங்கள்

பெங்களூரு, ஹைதராபாத், சிங்கப்பூர் ஐ.டி. வட்டாரங்களில் சனிக்கிழமை ராத்திரி போக்கர் இப்போது சகஜம். அப்பா தலைமுறையில் ரம்மி இருந்த இடத்தில் டெக்சாஸ் ஹோல்டெம் வந்து உட்கார்ந்திருக்கிறது. யாராவது ஒருவருடைய ஃபிளாட்டில் ஆறேழு பேர் கூடுவார்கள். உங்கள் டீம் லீட் இருப்பார். பக்கத்து டீம் மேனேஜர் இருப்பார். போன வருஷம் வேறு கம்பெனிக்குத் தாவிய பழைய சகா இருப்பார். நாளைக்கு உங்களுக்கு ரெஃபரல் தரப்போகிறவர்களும், அப்ரைசல் மீட்டிங்கில் உங்கள் பெயர் வரும்போது வாய் திறக்கப்போகிறவர்களும் இவர்கள்தான்.

ஆட்டம் தெரிந்து, ஆசையும் இருந்தால், கூப்பிட்டவுடன் போங்கள். ஆனால் எதைப் பணயம் வைக்கிறோம் என்று தெரிந்துகொண்டு போங்கள். ஆயிரம் ரூபாய் வரும், போகும். அந்த நாலு மணி நேரத்தில் உங்களைப் பற்றி மற்றவர்கள் மனசில் பதியும் அபிப்ராயம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. நன்றாக ஆடத் தெரியாதவரை யாரும் குறைவாக நினைப்பதில்லை. எப்போது எழுந்திருப்பது என்று தெரியாதவரைத்தான் நினைக்கிறார்கள்.

1. செருப்பைக் கழற்றும்போதே நேரத்தைச் சொல்லுங்கள்

"பதினொன்றரைக்குக் கிளம்பிடுவேன், காலையில வேலை இருக்கு." உள்ளே நுழைந்ததும், முதல் சீட்டு விழும் முன்பே, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? பதினொன்று இருபதுக்குப் பெரிய பாட் ஒன்று உங்கள் பக்கம் வரும். பதினொன்றரைக்கு எழுந்தால் ஜெயித்ததும் ஓடுகிறவர் என்று பெயர். ஹிட் அண்ட் ரன் என்று முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். தோற்றிருக்கும்போது எழுந்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போகிறார் என்று பெயர். முன்கூட்டியே சொன்னவருக்கு இரண்டு பெயரும் வராது.

பதினொன்றேகாலுக்கு ஒரு நினைவூட்டல் போதும்: "இன்னும் ரெண்டு ரவுண்டு, அப்புறம் என்னை விட்டுடுங்க." ரவுண்டு என்றால் பிளைண்ட் போடும் முறை டேபிளை ஒருமுறை முழுசாகச் சுற்றி வருவது. உங்கள் முறை வரும் நேரம் பார்த்து நழுவாமல், போட வேண்டிய பிளைண்டைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். சின்ன விஷயம்தான். டேபிளில் இருக்கும் ஒவ்வொருவரும் கவனிப்பார்கள்.

2. பணத்தை வைத்து நேரத்தை முடிவு செய்யாதீர்கள்

இதில்தான் படித்தவர்கள், புத்திசாலிகள், எக்ஸெல் ஷீட்டில் குடும்ப பட்ஜெட் போடுகிறவர்கள் எல்லாருமே வழுக்கி விழுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"விட்டதைப் பிடிச்சுட்டுக் கிளம்பறேன்." சீட்டு மேஜையில் இதைவிடச் செலவு வைக்கும் வாக்கியம் வேறு இல்லை. பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலரும் எரிக் ஜான்சனும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் ஆராய்ந்தது. பணத்தை இழந்தவர்கள் பொதுவாக அடுத்த ரிஸ்க்கைக் கண்டு ஒதுங்குகிறார்கள். ஆனால் போட்ட முதலைத் திரும்ப எடுக்க ஒரு வாய்ப்பு கண்ணில் பட்டால் போதும், சாதாரணமாகத் தொடவே மாட்டாத ரிஸ்க்கைக்கூட எடுக்கிறார்கள். ஜெயித்தவர்களிடமும் ஒரு கோளாறு இருக்கிறது. ஜெயித்த பணத்தைத் தன் பணமாகவே அவர்கள் நினைப்பதில்லை. அடுத்தவன் காசு மாதிரி தாராளமாக வைக்கிறார்கள். ஆக, முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும், ராத்திரி பதினோரு மணிக்கு உங்கள் தீர்ப்பு நம்பத்தக்கதல்ல. சாயங்காலம் ஏழு மணிக்குத் தெளிவாக எடுத்த முடிவுதான் உங்களைக் காப்பாற்றும்.

"இனிமே கார்டு திரும்பும்" என்று ஒருவர் சொல்வார். திரும்பும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கலைத்துப் போட்ட கட்டுக்குப் போன கை ஞாபகம் இருக்காது. கையில் இரண்டு ஏஸ் சேர்ந்து வர 221-க்கு ஒரு வாய்ப்பு. வீட்டு ஆட்டத்தில் மணிக்குச் சுமார் 20 முதல் 25 கைதான் ஓடும். நாலு மணி நேரம் உட்கார்ந்தாலும் 100 கை. அந்த ஜோடியை ஒருமுறைகூடப் பார்க்காமல் வீடு திரும்பவே வாய்ப்பு அதிகம். அப்படியே வந்து, எதிராளியிடம் இரண்டு ராஜா இருந்து, இருவரும் மொத்தத்தையும் உள்ளே தள்ளினாலும், கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு தடவை ஏஸ் தோற்கும். நீங்கள் தப்பே செய்யாமல் தோற்கலாம். தப்பு மேல் தப்பு செய்தும் ஜெயிக்கலாம். ஒரு ராத்திரியின் கணக்கு உங்கள் திறமையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. போக்கரையே பிழைப்பாகக் கொண்டவர்கள் ஆயுள் முழுக்க ஒரே ஆட்டம் என்றுதான் கணக்குப் பார்ப்பார்கள். இன்றைக்கே நேர் செய்தாக வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு இல்லை.

2004-இல் வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கரில் பட்டம் வென்ற ஆனி டியூக், பிற்பாடு முடிவெடுக்கும் கலையைக் கம்பெனிகளுக்குச் சொல்லித்தரும் வேலைக்குப் போனவர். எப்போது விலகுவது என்பதைப் பற்றியே 2022-இல் 'குவிட்' என்று ஒரு முழுப் புத்தகம் எழுதினார். சரியான நேரத்தில் விலகும்போது சீக்கிரமே விலகிவிட்டோமோ என்றுதான் தோன்றும் என்பது அவர் வைக்கும் முக்கியமான கருத்து. பதினொன்றரைக்கு எழும்போது உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். இருக்கட்டும்.

3. ரீ-பை ஒன்று. அதற்கு மேல் இல்லை

5/10 பிளைண்ட் ஆட்டம் என்றால் ஆயிரம் ரூபாய் பை-இன் வழக்கமான அளவு, அதாவது 100 பெரிய பிளைண்ட். அது போனால் இன்னொரு ஆயிரம். அதுவும் போனால் எழுந்துவிடுங்கள், மணி எட்டரையாக இருந்தாலும் சரி. வீட்டுக்கு ஓடவும் வேண்டாம். டீலராக உட்கார்ந்து சீட்டுப் போடுங்கள், எல்லாருக்கும் டீ போடுங்கள், பேச்சுக் கொடுங்கள். தோற்ற பிறகும் சிரித்த முகத்தோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பவரைச் சீனியர்கள் மறக்க மாட்டார்கள்.

தொகையை நிர்ணயிக்க ஒரே அளவுகோல்: வீட்டில் கேட்டால் கூசாமல் சொல்ல முடிகிற தொகை. மனைவியிடமோ கணவரிடமோ அம்மாவிடமோ மறைக்க வேண்டிய தொகை என்றால் அது ஏற்கனவே அதிகம்.

4. பிளைண்ட் ஏறினால் அது வேறு ஆட்டம்

பத்தரை மணிக்கு யாராவது ஒருவர், பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருப்பவர், "10/20 ஆக்கலாமா?" என்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். நீங்கள் ஒத்துக்கொண்டு வந்த ஆட்டம் அந்த நிமிஷத்தோடு முடிந்தது. "எனக்கு இது போதும் ப்ரோ, நீங்க ஆடுங்க" என்று சொல்லி எழ இதைவிட நல்ல தருணம் கிடைக்காது.

பழகுவதற்காக ஆடும் ஆட்டத்தில் தொகை சின்னதாக இருப்பதுதான் முறை. பராக் ஒபாமா இல்லினாய் மாநில செனட்டராக இருந்தபோது, மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் சக உறுப்பினர்கள், லாபியிஸ்ட்கள் சிலரோடு வாராவாரம் போக்கர் ஆடினார். அந்தக் கூட்டத்துக்கே 'கமிட்டி மீட்டிங்' என்று பெயர். சிறிய தொகை ஆட்டம்தான். ஒபாமா அதிலும் நிதானமாக ஆடுகிறவர் என்று பெயர் எடுத்தார். தலைநகருக்குப் புதிதாக வந்த ஒரு ஜூனியர், சீனியர்களோடு சரிசமமாக உட்கார இடம் பிடித்தார். அவர் வந்த காரியம் அது.

5. பாஸோ கிளையண்ட்டோ எதிரில் இருந்தால்

1946 மார்ச் 4. அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமனும் வின்ஸ்டன் சர்ச்சிலும் மிசௌரி மாநிலத்தின் ஃபுல்டன் ஊருக்கு ரயிலில் போகிறார்கள். மறுநாள் அங்கேதான் சர்ச்சில் இரும்புத்திரை பற்றிய புகழ்பெற்ற உரையை ஆற்றப்போகிறார். ரயிலில் போக்கர். அமெரிக்க போக்கரின் மானம் உங்கள் கையில் இருக்கிறது என்று ட்ரூமன் தன் ஆட்களை முதலில் உசுப்பிவிடுகிறார். அவர்களும் வெளுத்து வாங்குகிறார்கள். சர்ச்சிலின் சிப்ஸ் மளமளவென்று கரைகிறது. அவர் கொஞ்ச நேரம் எழுந்து வெளியே போனபோது ட்ரூமன் திரும்பி, விருந்தாளியிடம் இப்படியா நடந்துகொள்வது என்கிறார். அதன் பிறகு ஆட்டத்தின் வேகம் குறைகிறது. சர்ச்சில் தோற்றுத்தான் எழுந்தார், ஆனால் காயம்படாத அளவுக்கு. அந்த ரயிலில் உடனிருந்த கிளார்க் கிளிஃபர்ட் தன் நினைவுக் குறிப்பில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இதில் நம் வேலைக்கு ஆகும் பாடம் ஒன்று உண்டு. மேலதிகாரியிடமோ கிளையண்ட்டிடமோ வேண்டுமென்றே தோற்காதீர்கள். நல்ல கையை மடக்கிவைத்து அவருக்குப் பாட்டை விட்டுக்கொடுத்தால், ஆட்டம் தெரிந்தவர் உடனே கண்டுபிடிப்பார். அன்று முதல் நீங்கள் சொல்லும் எதையும் ஒரு மாற்றுக் குறைத்துத்தான் எடுப்பார். கிளையண்ட் என்றால் விஷயம் இன்னும் சிக்கல். பல கம்பெனிகளின் கிஃப்ட் பாலிசி முன்னால் வேண்டுமென்றே தோற்ற பத்தாயிரம் ரூபாய் அன்பளிப்பாகவே தெரியும். அதேபோல, அவர் மூன்றாவது ரீ-பைக்குக் கை நீட்டும்போது எதிரில் உட்கார்ந்து வாங்கிக் குவித்துக்கொண்டும் இருக்காதீர்கள். செய்ய வேண்டியது சுலபம்: "நேரமாச்சு, எல்லாரும் கடைசி ரவுண்டு வைச்சுக்கலாமா?" என்று நீங்களே ஆட்டத்தை முடித்துவையுங்கள். தானாக எழ முடியாத பெரிய மனிதருக்கு எழுந்திருக்க ஒரு வழி கிடைக்கும். அதை அவர் வெளியே சொல்ல மாட்டார், மறக்கவும் மாட்டார்.

6. நேரம் ஆகாவிட்டாலும் எழ வேண்டிய அறிகுறிகள்

தோற்ற கையை மூன்றாவது முறையாக விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரே ஒருவரைக் குறிவைத்து, அவர் பெட் வைத்தால் மட்டும் விடாமல் கால் செய்கிறீர்கள். மடக்க வேண்டிய கை என்று தெரிந்தே, போர் அடிக்கிறது என்று உள்ளே போகிறீர்கள். போக்கர்காரர்கள் டில்ட் என்று சொல்லும் நிலை இது. ஒரு ரவுண்டு வெளியே உட்காருங்கள், பால்கனிக்குப் போய்த் தண்ணீர் குடியுங்கள். திரும்பி வந்தும் கொதிப்பு அடங்கவில்லை என்றால் செருப்பைத் தேடுங்கள்.

குடித்திருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. பணத்தைவிட வாய் ஆபத்து. எந்த புராஜெக்ட் நிற்கப்போகிறது, யாருக்கு எவ்வளவு இன்க்ரிமென்ட், நீங்கள் எங்கே இன்டர்வியூ கொடுத்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு தானாகக் கொட்டும். டேபிளில் குடிக்காமல் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் நல்லது.

7. கடன் சிப்ஸ் வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள்

"திங்கட்கிழமை பார்த்துக்கலாம்" என்ற பேச்சு வந்தால் அன்றைய ஆட்டம் உங்களுக்கு முடிந்தது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு பந்தய ஒப்பந்தங்கள் செல்லாது என்கிறது. பந்தயத்தில் ஜெயித்த பணத்தைக் கேட்டு கோர்ட்டுக்குப் போக முடியாது. எனவே அந்தக் கடனுக்கு ஒரே ஜாமீன் உங்கள் இருவரின் உறவுதான். உங்களுக்கு ரேட்டிங் போடுகிறவரிடம் நாலாயிரம் பாக்கி வைத்துவிட்டு ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் அவர் எதிரில் நிற்க வேண்டாம். அவர் உங்களுக்குப் பாக்கி வைத்தால் நிலைமை இன்னும் மோசம். கேட்கவும் முடியாது, விடவும் முடியாது. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே யூபிஐ-யில் கணக்கை முடித்துவிடுங்கள்.

8. எப்போது மொத்தமாக விலகுவது

ஆட்டம் நடத்துகிறவர் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் தனக்கென்று ஒரு பங்கு எடுக்க ஆரம்பித்தால் மறுவாரம் போகாதீர்கள். இடத்துக்குச் சொந்தக்காரர் லாபத்துக்காகச் சீட்டு நடத்தினால், 1930-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சூதாட்டச் சட்டத்தின் பார்வையில் அந்த வீடு சூதாட்ட விடுதி. சிங்கப்பூரில் 2022 ஆகஸ்ட் முதல் வீட்டுக்குள் குடும்பத்தாரும் நண்பர்களும் ஆடுவதற்கு விலக்கு உண்டு. அங்கும் அதை வியாபாரமாக நடத்தினால் விலக்கு இல்லை. "ஆப்ல பிரைவேட் டேபிள் போட்டு ஆடலாம்" என்று குரூப்பில் மெசேஜ் வந்தாலும் ஒதுங்கிக்கொள்ளுங்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது. ஒரு போலீஸ் கேஸ் உங்கள் பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனில் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

டீமில் ஆடாதவர்கள் இருப்பார்கள். வீட்டுப் பொறுப்பால் வர முடியாதவர்கள், பணம் வைத்து ஆட விரும்பாதவர்கள், கூப்பிடவே படாத பெண்கள். வேலை முடிவுகள் டேபிளில் எடுக்கப்பட்டு, திங்கட்கிழமை அவர்களுக்குத் தகவலாக மட்டும் போய்ச் சேர்ந்தால், அந்த டேபிளில் நீங்கள் இருப்பதே பின்னால் உங்களுக்கு எதிராகத் திரும்பும். ஆபீஸ் விஷயம் வந்தால் "இதை திங்கட்கிழமை எல்லாரோடும் பேசலாம்" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு வாரத்தில் மாறவில்லை என்றால் வெளியே வாருங்கள்.

விலகும்போது காரணம் அடுக்க வேண்டாம், புத்திமதியும் வேண்டாம். குரூப்பில் ஒரு வரி போதும்: "கொஞ்ச நாளைக்கு சாட்டர்டே வர முடியாது, லஞ்ச்ல பார்க்கலாம்." அதே வாரம் அந்த ஆறு பேரில் இரண்டு பேரையாவது லஞ்சுக்குக் கூப்பிடுங்கள். ஆட்டத்தை விடலாம், தொடர்பை விட வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. சனிக்கிழமைக்காகப் புதன்கிழமையே மனசு துடிக்கிறது, லோன் ஆப்பில் பணம் எடுத்து ஆடுகிறீர்கள், நிறுத்த நினைத்து முடியவில்லை என்றால் இந்த டிப்ஸ் எதுவும் உங்களுக்குப் போதாது. மனநல உதவிக்கான டெலி-மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். அழைத்துவிட்டு, வீட்டில் ஒருவரிடம் முழுத் தொகையையும் சொல்லிவிடுங்கள்.