பாலைவன மலையில் எத்தனை லிட்டர்?

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து மலை ஏறப் புறப்படுகிறார்கள். போக ஐந்து கிலோமீட்டர், வர ஐந்து கிலோமீட்டர். நண்பகலுக்கு முன்பே வீடு திரும்பிவிடுவார்கள். ஆயினும் ஒவ்வொருவர் முதுகிலும் நான்கு லிட்டர் தண்ணீர் இருக்கிறது. நான்கு லிட்டர் என்றால் நான்கு கிலோ எடை! இத்தனை சிறிய பயணத்திற்கு இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு விடையை ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியில் நீங்கள் படித்த வெப்பவியலைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம்.

முதலில் இவர்கள் எங்கே நடக்கிறார்கள் என்று பார்ப்போம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சொனோரா பாலைவனத்தின் நடுவே டூசான் என்ற நகரம் இருக்கிறது. ஆண்டு மழை சுமார் 28 சென்டிமீட்டர்தான். நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 730 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் வடக்கு எல்லையிலேயே சான்டா கட்டலினா என்னும் மலைத்தொடர் சுவர்போல எழுந்து நிற்கிறது. அதன் உச்சியான லெம்மன் சிகரத்தின் உயரம் 2,791 மீட்டர். ஊரை ஒட்டி இப்படி ஒரு மலை இருந்தால் மக்கள் சும்மா இருப்பார்களா? 1958ஆம் ஆண்டிலேயே இங்கே தெற்கு அரிசோனா நடைச் சங்கம் தொடங்கப்பட்டது. இத்தகைய சங்கங்களில் மாணவர், ஆசிரியர், ஓய்வு பெற்றோர் எனப் பலரும் சேர்ந்து நடக்கிறார்கள். வாரந்தோறும் ஒரு நடை, அதற்கு வழி தெரிந்த ஒரு தலைவர், இன்ன தூரம், இன்ன ஏற்றம் என்று முன்கூட்டியே அறிவிப்பு. இதுதான் ஏற்பாடு.

தூரத்தை மட்டும் சொல்லாமல் ஏற்றத்தையும் ஏன் சொல்கிறார்கள்? வில்லியம் நேஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு எளிய விதியைத் தந்தார். சமதளத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்திற்கும் இன்னொரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். டூசானை அடுத்த சபினோ பள்ளத்தாக்கிலிருந்து பிளாக்கெட் முகட்டுக்கு ஏறி இறங்கினால் தூரம் சுமார் 10 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 500 மீட்டர். நேஸ்மித் விதிப்படி மூன்று மணிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் நேஸ்மித் நடந்தது குளிர்ந்த நாட்டில். வெயிலில், கல்லும் முள்ளும் நிறைந்த பாதையில், குழுவாகச் செல்வோருக்கு நான்கு மணி என்று வைத்துக்கொள்வதே நல்லது.

இப்போது கணக்குக்கு வருவோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோ மூட்டையுடன் மணிக்கு 400 மீட்டர் உயரம் ஏறுகிறார் எனக் கொள்வோம். அவர் செய்யும் வேலை 70 × 400 = 28,000 கிலோகிராம்-மீட்டர். 427 கிலோகிராம்-மீட்டர் வேலை ஒரு கிலோகலோரி வெப்பத்திற்குச் சமம். ஆகவே வேலை ஏறத்தாழ 65 கிலோகலோரி. தசை ஒரு நல்ல இயந்திரம் என்றாலும், அது செலவிடும் ஆற்றலில் சுமார் கால் பங்குதான் வேலையாகிறது. மீதி முக்கால் பங்கும் வெப்பமாகிறது. அதாவது, 65 கிலோகலோரி வேலைக்குச் சுமார் 195 கிலோகலோரி வெப்பம் உடலுக்குள் பிறக்கிறது. சும்மா உட்கார்ந்திருந்தாலே மணிக்கு 70 கிலோகலோரி வெப்பம் உண்டாகும். கால்களை வீசி முன்னே நகர்வதற்கும் கொஞ்சம் ஆகும். எல்லாவற்றையும் கூட்டி 300 என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 300 கிலோகலோரி வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிட்டால் என்ன நேரும்? மனித உடலின் தன்வெப்பம் சுமார் 0.83. எனவே 60 கிலோ உடலை ஒரு டிகிரி சூடாக்க 50 கிலோகலோரி போதும். ஆறே பத்து நிமிடங்களில், அதாவது ஒரு மணி நேரத்தில், உடல் வெப்பநிலை 37இலிருந்து 43 டிகிரி சென்டிகிரேடுக்கு ஏறிவிடும்! 40 டிகிரியைத் தாண்டினாலே மூளை தடுமாறத் தொடங்குகிறது. அதற்குமேல் உயிருக்கே ஆபத்து.

நம்மைக் காப்பாற்றுவது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மீது ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆகவே 300 கிலோகலோரியை வெளியேற்ற மணிக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் வேண்டும். இது நடப்பதால் பிறக்கும் வெப்பத்திற்கு மட்டும். காற்று நம் தோலைவிடக் குளிர்ந்திருக்கும் வரை இந்தக் கணக்குச் சரி. ஜூன் மாதப் பிற்பகலில் டூசானில் 38 டிகிரி சாதாரணம். தோலின் வெப்பநிலையோ 35 டிகிரிதான். அப்போது காற்றே உடலைச் சூடேற்றுகிறது. தலைக்கு மேல் சூரியன், காலுக்குக் கீழே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும் பாறை. இவை தரும் வெப்பத்தையும் சேர்த்தால் இன்னொரு அரை லிட்டர் ஆகிவிடும். மணிக்கு ஒரு லிட்டர். நான்கு மணிக்கு நான்கு லிட்டர். மூட்டையில் இருப்பது மிகையன்று என்பது இப்போது தெரிகிறதல்லவா?

இதில் ஒரு சூழ்ச்சியும் இருக்கிறது. கடற்கரை ஊர்களில் வியர்வை சொட்டுச் சொட்டாக வழிவதைப் பார்க்கிறோம். வழிந்து கீழே விழும் வியர்வையால் பயன் இல்லை. ஆவியானால்தான் உடல் குளிரும். பாலைவனக் காற்றில் ஈரப்பதம் பத்து சதவீதம் அளவுக்குக்கூட இறங்கிவிடும். வியர்வை தோன்றிய கணமே மறைந்துவிடுகிறது. தோல் உலர்ந்தே இருக்கும். 'எனக்கு வியர்க்கவே இல்லையே' என்று புதியவர் பெருமைப்படுவார். அவருடைய சட்டையின் முதுகில் படிந்த வெள்ளை உப்புக் கோடுகள்தான் உண்மையைச் சொல்லும்.

தாகமும் நம்பத்தகுந்த சாட்சியன்று. இரண்டாம் உலகப் போரின்போது எட்வர்டு அடால்ஃப் என்ற உடலியல் அறிஞரும் அவர் குழுவினரும் கலிபோர்னியாப் பாலைவனத்தில் வீரர்களை நடக்கவைத்து ஆராய்ந்தார்கள். முடிவுகள் 1947இல் நூலாக வந்தன. தண்ணீர் தாராளமாக இருந்தபோதும் வீரர்கள் இழந்த அளவைவிடக் குறைவாகவே குடித்தார்கள். இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். தண்ணீரைக் குடிக்காமல் மிச்சம் பிடித்தால் வியர்வை குறையும் என்று பலர் நம்பியிருந்தனர். அது தவறு. குடித்தாலும் குடிக்காவிட்டாலும், சூட்டுக்கு ஏற்ற அளவு வியர்த்தே தீர்கிறது. ஆகவே, புட்டியில் தண்ணீரை வைத்துக்கொண்டே மயங்கி விழுவது வீண். ஆனால் முழுக்கைச் சட்டை அணிந்தால் வெயிலின் சூடு குறைந்து வியர்வையும் குறையும் என்பதை அவர்கள் அளந்தே காட்டினார்கள். நடைச் சங்கத்தார் கோடையில் மெல்லிய முழுக்கைச் சட்டையும் அகன்ற விளிம்புத் தொப்பியும் அணிவது இதனால்தான்.

அப்படியானால் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கலாமா? அதுவும் கூடாது. வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம், கடைசியில் வலிப்பு வரை போகலாம். அதே மாநிலத்திலுள்ள கிராண்ட் கான்யன் பெரும் பள்ளத்தாக்கில் நடந்தவர்களிடம் இத்தகைய நோயை 1990களில் மருத்துவர்கள் கண்டார்கள். எனவே சங்கத்தாரின் மூட்டையில் உப்புக் கடலையோ உப்பிட்ட பிஸ்கோத்தோ இல்லாமல் இராது. (ஒரு சீப்பும் இருக்கும். தலை வாரிக்கொள்ள அன்று. சொய்யா என்னும் கள்ளியின் முள்துண்டு காலில் ஒட்டிக்கொண்டால் கையால் பிடுங்க முடியாது. சீப்பால் நெம்பித் தள்ள வேண்டும்!)

வாரந்தோறும் நடப்பதால் உடலுக்கு ஏதும் பயன் உண்டா? உண்டு. தொடர்ந்து பத்துப் பதினான்கு நாட்கள் வெயிலில் உழைத்தால் உடல் பழகிக்கொள்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. வியர்வை முன்னதாகவே தொடங்குகிறது; அதில் உப்பு குறைகிறது. வெயிலை விட்டு விலகினால் சில வாரங்களில் இந்தப் பழக்கம் மறைந்துவிடும். வாரத்திற்கு ஒரு நடை மட்டுமே இதை முழுமையாகத் தந்துவிடாது. ஆனால் குளிர்காலத்திலிருந்து விடாமல் நடப்பவர், இளவேனிலின் மிதமான வெயிலையும் சிறிது சிறிதாகத் தாங்கிக் கோடைக்கு வந்து சேர்கிறார். வெளியூரிலிருந்து நேற்று வந்து இறங்கிய வலிமையான இளைஞனைவிட, அறுபது வயதுப் பழைய உறுப்பினர் வெயிலை நன்றாகத் தாங்குவதில் வியப்பில்லை.

இனி மலையைக் கவனிப்போம். டூசானில் டுமமோக் என்ற குன்றின் மேல் 1903இல் பாலைவன ஆய்வுக்கூடம் ஒன்று அமைக்கப்பட்டது. அங்கே பணியாற்றிய ஃபாரெஸ்ட் ஷ்ரீவ் என்னும் தாவரவியல் அறிஞர் சான்டா கட்டலினா மலையில் ஏறி இறங்கி, எந்த உயரத்தில் எந்தச் செடி நிற்கிறது, அங்கே வெப்பமும் மழையும் எவ்வளவு என்று அளந்து, 1915இல் வெளியிட்டார். அடிவாரத்தில் சவாரோ என்னும் பெருங்கள்ளி. அதற்கு மேல் புல்வெளியும் ஓக் மரங்களும். அப்பால் பைன் காடு. உச்சியை நெருங்கினால் குளிர்நாட்டு ஃபர் மரங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறைகிறது. நகரத்திற்கும் உச்சிக்கும் இரண்டாயிரம் மீட்டர் வேறுபாடு; ஆக 13 டிகிரி! ஒரே நாளில் பாலைவனத்திலிருந்து கனடாவின் காட்டுக்குப் போய்வருவது போல.

சவாரோ சுமார் 1,200 மீட்டருக்கு மேல் அரிதாகிவிடுகிறது. உறைபனி ஓரிரவு வந்து காலையில் உருகிவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும்; நாள் முழுவதும் உருகாமல் நீடித்தால் அதன் திசு இறந்துபோகும் என்று ஷ்ரீவ் காட்டினார். வெயில் விழும் தென்சரிவுகளில் இன்னும் சற்று மேலேயும் நிற்கும். இரவில் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தாக்கின் அடியில் தண்ணீர்போல் வழிந்து தேங்குவதையும் அவர் ஆராய்ந்தார். விடியலில் நடப்பவர்கள் இதைத் தோலாலேயே அறிவார்கள். ஓடையருகே நடுக்கம், ஐம்பது மீட்டர் மேலே ஏறியதும் வெதுவெதுப்பு.

நடைச் சங்கத்தின் ஆண்டு அட்டவணையைப் பார்த்தால் ஷ்ரீவின் வரைபடத்தைப் பார்ப்பதுபோல் இருக்கும். குளிர்காலத்தில் கள்ளிகளுக்கிடையே நடை. கோடையில் பைன் காட்டில். இடைப்பட்ட மாதங்களில் இடைப்பட்ட உயரங்கள். கோடையில் அடிவாரத்தில் நடந்தே ஆக வேண்டுமென்றால் இருட்டோடு புறப்பட வேண்டும். காற்றில் ஈரம் இல்லாததால் நிலத்தின் சூடு இரவில் வானத்திற்குத் தடையின்றிப் போய்விடுகிறது. பிற்பகலில் 38 டிகிரி இருந்த அதே இடத்தில் விடியலில் 20ஐச் சற்றுத் தாண்டியிருக்கும்.

ஏறும்போது உடல் வெப்பம் மிகுதி, காற்று குளிர்ச்சி. இறங்கும்போது வேலை குறைவு, ஆனால் நேரமாகிவிட்டது. போய்ச் சேரும் இடமும் சூடான அடிவாரம். ஆகையால் 'இறக்கம்தானே' என்று தண்ணீரைத் தீர்த்துவிடக் கூடாது. பாதித் தண்ணீர் தீர்ந்தால், உச்சி கண்ணுக்கெதிரே தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்று அனுபவமுள்ள தலைவர்கள் சொல்வார்கள். என்னைக் கேட்டால், ஒரு தலைவரின் திறமையை அவர் ஏறிய உச்சிகளைக் கொண்டு அளப்பதைவிட, திரும்பி வந்த நாட்களைக் கொண்டு அளக்கலாம்.

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் இன்னோர் அபாயமும் உண்டு. அங்கும் பருவமழை வருகிறது. காலையில் வானம் தெளிவாக இருக்கும். வெயில் ஏறச் சூடான ஈரக்காற்று மலைமேல் எழுந்து, பிற்பகலில் இடிமேகமாகிறது. மண் மெலிந்த பாறைச் சரிவு. மழை உள்ளே இறங்க இடமில்லை. எல்லாம் பள்ளத்தாக்கில் பாய்கிறது. 1981 ஜூலையில் டூசானுக்குக் கிழக்கே டாங்கே வெர்டே அருவியில் இப்படித் திடீரென வந்த வெள்ளம் எட்டுப் பேரைக் கொன்றது. நிற்கும் இடத்தில் ஒரு துளி விழாவிட்டாலும், மலைமேல் பெய்த மழை சுவர்போல் வந்து சேரலாம். 2020 ஜூனில் மின்னல் மூட்டிய தீ சான்டா கட்டலினாவில் சுமார் 48,000 ஹெக்டேரை எரித்தது. எரிந்த சரிவுகளில் தண்ணீர் முன்னிலும் வேகமாக ஓடும். அந்த மாதங்களில் நண்பகலுக்கு முன் முகட்டைவிட்டு இறங்கிவிட வேண்டும். ஓடைப் படுகையில் உட்கார்ந்து சோறு உண்ணக் கூடாது.

இவ்வளவும் தெரிந்த ஒருவர் தனியாகப் போகலாமே, குழு எதற்கு? வெப்பம் முதலில் கெடுப்பது அறிவை. 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்பவர்தான் பெரும்பாலும் ஆபத்தில் இருப்பவர். பேச்சுக் குழறுவதும், கால் இடறுவதும், மூடியைத் திறக்க முடியாமல் விரல் தடுமாறுவதும், காரணமின்றி எரிந்து விழுவதும் அவருக்குத் தெரியாது; பக்கத்தில் நடப்பவருக்குத் தெரியும். அதனால்தான் வரிசையில் முன்னே ஒருவர், கடைசியில் ஒருவர் என்று வைத்துக்கொண்டு, நடுவே உள்ளவர்களில் மிக மெதுவாக நடப்பவரின் வேகத்திலேயே எல்லோரும் நடக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரைக் கண்டால் நிழலில் படுக்கவைத்து, உடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் தெளித்து விசிறுவார்கள். வறண்ட காற்றில் இதைவிட விரைவாகக் குளிரவைக்கும் வழி மலைமேல் இல்லை.

எவ்வளவு குளிரும் என்பதை நீங்களே அளக்கலாம். ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் குமிழில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி நனையுங்கள். இரண்டையும் நிழலில் தொங்கவிட்டு, ஐந்து நிமிடம் விசிறியால் வீசி, இரண்டின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். காற்று 40 டிகிரி, ஈரப்பதம் 10 சதவீதம் உள்ள பாலைவனத்தில் ஈரக்குமிழ் 19 டிகிரியை ஒட்டி நிற்கும். உங்கள் ஊரில் எவ்வளவு? மழைக்கு முந்திய புழுக்கமான நாளிலும், மேல்காற்று வீசும் வறண்ட நாளிலும் அளந்து, இரண்டு வேறுபாடுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.